ஆள் சேர்த்தால் மட்டும் போதுமா?



முன்பெல்லாம் நம் சங்கக் கூட்டம் கூடினால் முதல் பேச்சு வரியைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது பேச்சு பற்று நிலுவையைப் பற்றியதாக இருக்கும். இப்போது அந்த இரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்பது, "கடைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்ற பேச்சுதான். குழித்துறை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் பலசரக்குக் கடை நடத்துகிற யாரைக் கேட்டாலும் இதே குறை. பையன்களில் ஒரு பங்கு வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. இன்னொரு பங்குக்குக் களியக்காவிளையைத் தாண்டினால் கூடுதல் கூலி. ஊரோடு இருப்பவர்களைப் பெரிய அங்காடிகள் சீருடை கொடுத்து அழைத்துக்கொள்கின்றன. மீதி இடத்தைப் பீகார், ஒடிசா, அசாம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்களைக் கொண்டு நிரப்புகிறோம்.

குறை உண்மையானதுதான். ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. மொத்தக் கடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உட்கார்ந்து சில்லறைக் கடைகளின் சிட்டைகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் அதைச் சொல்கிறேன். ஒரே தெரு, ஒரே சரக்கு, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் பத்து ஆண்டாக அங்கேயே இருக்கிறார். நாலு கடை தள்ளி இன்னொரு கடையில் ஆறு மாதத்துக்கு ஒரு புது முகம். ஆள் பஞ்சம் ஊருக்கெல்லாம் பொதுவென்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

என் அனுபவத்தில், ஆள் நிலைக்காத கடையை அதன் சரக்குச் சிட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரே வாரத்தில் துவரம்பருப்பு இரண்டு முறை எழுதியிருக்கும். கடலைப்பருப்பு ஒரு முறைகூட இருக்காது. கேட்டால், "நான் எழுதினேன், அவனும் எழுதியிருக்கிறான்" என்பார்கள். காலையில் ஒருவர் வந்து சரக்கு எடுத்துப் போவார். மாலையில் இன்னொருவர் வந்து, "இது எங்களுக்கு வேண்டாமே" என்று திருப்பிக் கொண்டு வருவார். அங்கே நாலு பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் நாலு பேரும் நாலு கடையில் இருப்பது போல இருக்கிறார்கள். ஆள் சேர்ப்பது ஒரு நாள் காரியம். சேர்ந்த ஆள்களை ஒரு கூட்டாக ஆக்குவது வேறு காரியம். இந்த இரண்டாவது காரியத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை.

ஒருவர் போனால் போவது என்ன?

ஒரு பையன் வேலையை விட்டுப் போனால் மாதச் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அவனோடு சேர்ந்து போவதைக் கணக்கில் எழுதுவதில்லை. எந்த வீட்டுக்குச் சம்பா அரிசி, எந்த வீட்டுக்குப் பச்சரிசி, யார் மாதத் தொடக்கத்தில் பற்றைத் தீர்ப்பார், யார் ஓணத்துக்குப் பிறகுதான் தருவார், எந்தக் கம்பெனி வண்டி எந்தக் கிழமை வரும், கிட்டங்கியில் எந்த அடுக்கு பழைய சரக்கு, எது புதுச் சரக்கு - இவை எந்த நோட்டிலும் இல்லை. அவன் தலைக்குள் இருந்தன. புதிதாக வருகிறவன் இதையெல்லாம் கற்றுத் தேற மூன்று, நாலு மாதம் ஆகும். அதற்குள் புழு விழுந்த பயறு எத்தனை கிலோ, கோபித்துக்கொண்டு போன வாடிக்கை எத்தனை வீடு என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

விற்பனை வரியைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சிறு கடைகளுக்குப் போட்டி பக்கத்துக் கடைதான். இன்று பெரிய அங்காடியும், கைப்பேசியில் பொத்தானை அழுத்தினால் வீட்டு வாசலில் சரக்கு இறக்குகிற நிறுவனங்களும் போட்டிக்கு நிற்கின்றன. விலையில் அவர்களோடு மோத நம்மால் முடியாது. நம்மிடம் மிச்சம் இருக்கிற பலம், கடைக்கு வருகிறவரின் முகம் தெரிந்து, தேவை தெரிந்து கொடுப்பதுதான். அந்தப் பலத்தை வைத்திருப்பவர்கள் நம் கடை ஆட்கள். ஆகவே இது மனித நேயப் பேச்சு மட்டுமல்ல, கடை நிலைக்குமா என்கிற பேச்சு.

வடம் பிடித்தவர்கள் எல்லாரும் இழுக்கிறார்களா?

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தைப் பார்க்காதவர்கள் நம் மாவட்டத்தில் குறைவு. வடத்தைப் பிடித்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் முழு பலத்தோடு இழுக்கிறார்களா? பிரான்சு நாட்டில் மேக்ஸ் ரிங்கல்மன் என்ற விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து பார்த்து, முடிவை 1913-இல் வெளியிட்டார். ஒருவர் தனியாக இழுக்கும்போது காட்டுகிற பலத்தை முழுசாக வைத்துக்கொண்டால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் காட்டியது அதில் ஏறத்தாழ பாதிதான். ஆள் கூடக் கூட மொத்த பலம் கூடுகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் பலம் குறைந்துகொண்டே போகிறது.

ஏன் குறைகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக இழுப்பதில்லை. இரண்டு, "நான் கொஞ்சம் தளர்த்தினால் என்ன, மற்றவர்கள் இருக்கிறார்களே" என்கிற எண்ணம். இந்த இரண்டாவது காரணத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க 1974-இல் அமெரிக்காவில் ஆலன் இங்காம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் சேர்ந்து இழுப்பதாக அவரை நம்ப வைத்தார்கள். உண்மையில் இழுத்தது அவர் மட்டும்தான். அப்போதும் அவருடைய இழுப்பு குறைந்தது!

நம் கடையில் இது தினமும் நடக்கிறது. எண்ணெய் டின்னின் மூடி திறந்து கிடக்கிறது. மூன்று பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். மூவரும் சோம்பேறிகள் அல்ல. "அவன் மூடுவான்" என்று மூவரும் நினைக்கிறார்கள். அந்த டின் யார் பொறுப்பு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. நாம் என்ன செய்கிறோம்? மூவரையும் சேர்த்துத் திட்டுகிறோம். அல்லது போதவில்லை என்று நாலாவதாக ஒருவரைச் சேர்க்கிறோம். நாலாவது ஆளும் அந்த டின்னைத் தாண்டித்தான் போவார்.

உரசல் வரும் காலம்

இனி, புதிதாகச் சேர்ந்த ஆட்கள் ஒரு கூட்டாக ஆவது எப்படி என்பதைப் பார்ப்போம். புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், சிறு குழுக்களைப் பற்றி அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் படித்து, 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தவை பெரும்பாலும் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் கூடிய குழுக்கள், கடைகள் அல்ல. ஆனாலும் அவர் சொன்ன நாலு கட்டங்கள் நம் கடைக்கு அப்படியே பொருந்துகின்றன.

முதல் கட்டம், சேர்தல். புதிதாக வந்தவர் அடக்கமாக இருப்பார். சொன்னதைச் செய்வார். "நல்ல பையன் கிடைத்தான்" என்று நாமும் மகிழ்வோம். இரண்டாவது கட்டம், உரசல். ஒன்றிரண்டு மாதத்தில் குரல் எழும். "மூட்டை சுமப்பது எப்போதும் நான்தானா?" "எனக்கு முந்தி வந்தவன் என்பதற்காக அவன் என்னை ஏவலாமா?" என்று சண்டை வரும். மூன்றாவது கட்டம், முறைப்படுதல். யாருக்கு எது என்று ஓர் ஒழுங்கு உண்டாகி, ஒருவர் குணம் இன்னொருவருக்குப் பழகிவிடும். நாலாவது கட்டம், ஓட்டம். அப்போது முதலாளி இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டாலும் கடை ஓடும். டக்மன் 1977-இல் மேரி ஆன் ஜென்சன் என்பவரோடு சேர்ந்து ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தார். அது பிரிதல். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது கட்டம். உரசல் எழுந்தவுடன் நம்மில் பலர் செய்வது, வாய் பேசியவரை அனுப்பிவிடுவது. புது ஆள் வருகிறார். மறுபடியும் சேர்தல், மறுபடியும் உரசல், மறுபடியும் அனுப்புதல். அந்தக் கடை எந்தக் காலத்திலும் மூன்றாவது கட்டத்துக்குப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு புது முகம் தெரிகிற கடைகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

உரசல் என்பது பெரும்பாலும் குணத்தின் கோளாறு அல்ல. முறை இல்லாததன் அறிகுறி. திருட்டு வேறு, உரசல் வேறு. கல்லாவில் கை வைத்தவரைக் காப்பாற்றச் சொல்லவில்லை. ஆனால், "ஏன் எப்போதும் நானே சுமக்க வேண்டும்?" என்று கேட்டவர் நியாயமான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல ஒரு முறை வேண்டும். ஆளை மாற்றுமுன் முறையைப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்த கடைகளில் இருந்த முறை

முறை என்றால் மேல்நாட்டுப் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் லேவாதேவிக் கடைகள் நடத்திய காலத்தை எண்ணிப் பாருங்கள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை இரங்கூன் மொகல் தெருவிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ இருக்கும். நடுவில் கடல். தொலைபேசி கிடையாது. கடிதமும் கணக்கும்தான் போய் வரும். அப்படியிருந்தும் தலைமுறைக் கணக்கில் அந்தக் கடைகள் நடந்தன.

எப்படி? கடைக்குள் படிகள் இருந்தன. சிறு வயதில் சேர்கிறவர் பெட்டியடிப் பையன். அதாவது கணக்குப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்து தொழில் கற்கிறவர். அவருக்கு மேலே அடுத்தாள். அதற்கு மேலே மேலாள், அதாவது ஏஜெண்டு. முதலாளி கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்துகிறவர் அவர். தவணை மூன்று ஆண்டு. அது முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்புவார். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே கிடைக்கும். தவணை முடிவில் லாபத்தைப் பார்த்து ஒரு பங்கும் கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் மூன்று சங்கதிகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எல்லை. மேலாள் வேலை எது, அடுத்தாள் வேலை எது, பையன் வேலை எது என்பதில் குழப்பம் இல்லை. பட்டப் பெயரிலேயே வேலை இருந்தது. இரண்டாவது, ஏணி. இன்று தரையில் உட்கார்ந்து பெட்டியைத் துடைக்கிற பையனுக்கு, நாளைக்கு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள், பிறகு தானே சொந்தமாக ஒரு கடை என்கிற பாதை கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது, கணக்கின் வெளிச்சம். கணக்கு ஒழுங்காக ஊருக்குப் போக வேண்டும். தவணை முடிவில் ஐந்தொகை எடுத்து, வரவும் பற்றும் தெளிவான பிறகுதான் பங்கு. யாருக்கு எவ்வளவு என்பது முதலாளியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது அல்ல.

அந்தத் தொழிலின் நன்மை தீமை தனிக் கதை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன்பட்ட விவசாயிகளின் நிலங்கள் ஏராளமாகச் செட்டியார் கைகளுக்கு வந்து பர்மியர் மனம் கசந்ததும், 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்ததும் வரலாறு. ஆனால் ஒரு கடைக்குள் நாலைந்து பேர் எப்படி ஒன்றாக வேலை செய்வது என்ற பாடத்தை அவர்களிடமிருந்து நாம் தாராளமாகக் கற்கலாம்.

மொழி தெரியாதவர்களோடு எப்படி?

இந்த இடத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கேட்கலாம். "அவர்கள் எல்லாரும் ஒரே சமூகத்தார், ஒரே மொழி. என் கடையில் ஒருவன் அருமனைக்காரன், ஒருவன் பீகாரி, ஒருவன் அசாம்காரன். இந்த மூவரையும் எப்படிச் சேர்ப்பது?" நல்ல கேள்வி. இதற்கு மும்பையின் டப்பாவாலாக்கள் ஒரு வழி காட்டுகிறார்கள்.

1890-இல் தொடங்கிய தொழில் அது. வீட்டில் சமைத்த சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, காலிப் பாத்திரத்தைத் திருப்பி வீட்டில் கொடுப்பது. கொரோனாக் காலத்துக்கு முன்பு சுமார் 5,000 பேர் இதில் இருந்தார்கள். பிறகு எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஒரு டப்பா ஒருவர் கையில் கிளம்பி, ரயில் நிலையத்தில் பிரித்து அடுக்கப்பட்டு, இன்னொருவர் கைக்கு மாறி, இறங்கும் நிலையத்தில் மறுபடி பிரிக்கப்பட்டு, வேறொருவர் கையால் போய்ச் சேரும். இத்தனை கை மாறியும் தவறுவது மிக அரிது. அவர்களும் பெரும்பாலும் புனே வட்டாரத்து ஊர்களைச் சேர்ந்த, ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான். ஆனால் அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆகவே டப்பா மூடியில் நிறமும் எண்ணும் சில எழுத்துகளும் கொண்ட குறியை வைத்தார்கள். எந்த நிலையத்தில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் அந்தக் குறியில் அடக்கம். முகவரியை வாசிக்க வேண்டியதில்லை. குறியைப் பார்த்தால் போதும்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. வாய்ச் சொல்லால் விளக்க முடியாததைக் கண்ணால் பார்க்கும்படி வைத்துவிட்டால் மொழி குறுக்கே நிற்காது. கிட்டங்கியில் பழைய சரக்கு மூட்டைக்குச் சிவப்புச் சாயக் கோடு, புதியதற்குப் பச்சைக் கோடு. வீட்டுக்கு அனுப்புகிற பைகளுக்குத் தெருவாரியாக எண். பொட்டலம் கட்டியவரின் அடையாளம் சிட்டையின் மூலையில் ஒரு புள்ளி. "பழையதை முதலில் எடு" என்று நாளுக்குப் பத்து முறை கத்துவதைவிட ஒரு சிவப்புக் கோடு நன்றாகப் பேசும். யார் செய்த வேலை என்று அடையாளம் தெரிந்தால், கயிற்றைத் தளர்த்துகிற பழக்கமும் குறையும்.

டப்பாவாலாக்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. சிறு சிறு குழுக்களாக இயங்குகிறார்கள். குழுவுக்கு அனுபவம் மிக்க ஒருவர் முக்காடம், அதாவது மேஸ்திரி. அவரும் டப்பா சுமப்பவர்தான். உறுப்பினர்களுக்குள் வருகிற தகராறை அவர் தீர்த்து வைக்கிறார். ஒருவர் வராவிட்டால் இடத்தை நிரப்ப மாற்றாள் இருக்கிறார். நம் கடையில் எடை போடுபவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் கடையே படுத்துவிடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது கை ஒன்று பழகியிருக்க வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளியின் வேலை எது?

இனிச் சொல்லப்போவது நமக்கே கொஞ்சம் உறைக்கும். கூட்டு வேலைக்குப் பல கடைகளில் தடையாக இருப்பது ஆட்கள் அல்ல, முதலாளி. கல்லாவும் அவரே, கொள்முதலும் அவரே, வெல்லம் எடை போடுவதும் அவரே. கேட்டால், "நான் பார்க்காவிட்டால் சரியாக நடக்காது" என்பார்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லாரும் அறிவோம். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. இன்று உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற நிறுவனம். அங்கே அறுவை சிகிச்சை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார் செய்து வைத்திருப்பார்கள். முதலாவது முடிந்ததும் மருத்துவர் திரும்பி அடுத்ததைத் தொடங்க வேண்டியதுதான். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மருத்துவர் செய்கிறார். மற்றதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்து, அங்கேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்கள். கண் அறுவை சிகிச்சையிலேயே வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியுமென்றால், வெல்லம் எடை போடுவதில் முடியாதா?

முதலாளி மட்டுமே செய்யக்கூடியவை சில உண்டு. எந்தச் சரக்கை எந்த விலைக்கு வாங்குவது, யாருக்கு எவ்வளவு பற்று விடுவது, ஆட்களின் சம்பளம், ஆட்களுக்குள் வருகிற வழக்கைத் தீர்ப்பது. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கைமாற்ற வேண்டும். கைமாற்றிய பிறகு குறுக்கே போய் நிற்கக் கூடாது. வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் வரிசையைப் பாருங்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பதைச் சொல்கிற "தெரிந்து தெளிதல்" முதலில். வேலையை ஒப்படைப்பதைச் சொல்கிற "தெரிந்து வினையாடல்" அதற்கு அடுத்தது. உறவினரை அணைத்துக்கொள்வதைச் சொல்கிற "சுற்றந் தழால்" அதற்கும் அடுத்துத்தான். நம்மில் சிலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மைத்துனரை முதலில் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு அவருக்கு என்ன தெரியும் என்று தேடுகிறோம். உறவினர் கடைக்கு வருவதில் குற்றமில்லை. ஆனால் கடை முறை அவருக்கும் பொருந்த வேண்டும். முதலாளி மகன் பத்து மணிக்கு வரலாம், மற்றவர்கள் எட்டு மணிக்கு வர வேண்டும் என்றால் அந்தக் கடையில் கூட்டு உண்டாகாது.

கூலியும் மரியாதையும்

தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் வாரக் கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறார்கள். கரை திரும்பியதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிப்பதுதான் அங்கே வழக்கம். வலையில் விழுந்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தவர் இரவில் தூங்காமல் வேலை செய்வார். பலசரக்குக் கடையில் அதே போலப் பங்கு பிரிக்க முடியாது. நம் லாப விகிதம் அப்படி. ஆனால் ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்ததும், "இந்த முறை இவ்வளவு நடந்தது, அதில் உங்கள் உழைப்புக்கு இது" என்று கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். கொடுக்கிற தொகையைப் போலவே அந்தக் கணக்கைச் சொல்வதும் முக்கியம். தயவாகக் கிடைத்த பணம் மறந்துவிடும். உரிமையாகக் கிடைத்த பணம் மறக்காது.

மரியாதையும் கூலியில் ஒரு பகுதி. கடை ஆட்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் வந்துதான் ஒரு முக்காலி போட வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை அல்ல. வாடிக்கையாளர் முன்னிலையில் ஆளைத் திட்டுவதும் அப்படித்தான். திட்டு வாங்கியவர் அன்று முழுவதும் தலை குனிந்து வேலை செய்வார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவரும், "நாளைக்கு நமக்கும் இதுதான்" என்று மனதுக்குள் முடிவு செய்துவிடுவார்கள். வேலைக்கு வருகிற பெண்களுக்குக் கழிப்பறை வசதியும், இருட்டுமுன் பஸ் பிடிக்கும்படியான நேரமும் கொடுத்தால் ஆள் பஞ்சம் பாதி தீரும் என்பது என் கருத்து.

நாலு பேர் உள்ள கடைக்குச் சில யோசனைகள்

ஒன்று: யார் எந்த வேலைக்குப் பொறுப்பு, அவர் இல்லாதபோது யார் என்பதை ஒரே தாளில் எழுதிக் கிட்டங்கிக் கதவில் ஒட்டுங்கள். மூட்டை சுமப்பது போன்ற கடினமான வேலையை வாரம் ஒருவர் என்று மாற்றிவிடுங்கள்.

இரண்டு: ஷட்டர் போடுவதற்கு முன் பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து நில்லுங்கள். மூன்று கேள்விகள் போதும். இன்று எது தீர்ந்தது? எது பிசகியது? நாளைக்கு யார் வர மாட்டார்? பிசகை முதலில் சொன்னவரைக் கண்டிக்காதீர்கள். கண்டித்தால் மறுநாளிலிருந்து பிசகு உங்களுக்குத் தெரியாமல் நடக்கும்.

மூன்று: கல்லாவை இருவர் சேர்ந்து எண்ணட்டும். கைப்பேசி வழியாக வந்த பணத்தையும் அன்றைக்கே சரிபார்க்கட்டும். குறைந்தால் அன்றைக்கே பேசித் தீருங்கள். மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் சந்தேகம்தான் மிஞ்சும்.

நான்கு: புதிதாக வருகிறவரை ஒரு பழைய ஆளிடம் மூன்று மாதம் ஒப்படையுங்கள். கற்றுக்கொடுத்தவருக்கும் அதற்காக ஏதாவது கொடுங்கள். கற்றுக்கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர் யாருக்கும் எதையும் சொல்லித் தர மாட்டார்.

ஐந்து: ஏணியைக் காட்டுங்கள். இரண்டு ஆண்டு முடிந்தால் கொள்முதலுக்குக் கூட வரலாம், நாலு ஆண்டு முடிந்தால் சாவி அவர் கையில் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னால் செய்யுங்கள்.

ஆறு: முன்பு சொன்ன ஐந்தாவது கட்டம், பிரிதல். யாரும் ஆயுள் முழுக்க நம் கடையில் இருக்கப் போவதில்லை. வளைகுடாவுக்கு விசா வந்தால் போகத்தான் செய்வார். அவரைத் துரோகியாக்காமல், அடுத்து வருகிறவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டு, பாக்கி முழுவதையும் அன்றைக்கே தீர்த்து, நல்லபடியாக அனுப்புங்கள். போகிறவரை நீங்கள் நடத்துகிற விதத்தை இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் போய் அவர் சொல்லும் ஒரு வார்த்தைதான் உங்கள் கடைக்கு அடுத்த ஆளைக் கொண்டு வரும்.

இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. ஒரு தாள், ஒரு சாயக்குச்சி, ஒரு முக்காலி, தினம் பத்து நிமிடம். ஆனால் பொறுமை தேவை. உரசல் காலத்தைத் தாண்டச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களில் ஆளை மாற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அப்போது ஒரு நாள் தள்ளிப் போட்டு, இந்தச் சண்டை எந்த முறை இல்லாததால் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பதில் கிடைத்துவிட்டால், அந்த ஆள் உங்களுக்குக் கிடைத்துவிட்டார்.